வலதுபக்கக் கதவு

துலோன், பிரான்சு
18-2-1980

அன்புள்ள மாப்பிள்ளை சோமசேகரனுக்கு,

தெட்சிணாமூர்த்தி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீங்களும் பங்கஜவல்லியும் பிள்ளைகளும் கயிலாசநாதர் புண்ணியத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் இன்னும் விடவில்லை. முழங்கால் வலி பழைய இடத்திலேயே இருக்கிறது, என்னை விட்டுப் போக அதற்கு மனமில்லை.

தங்கச்சி கடிதம் போட்டிருந்தாள். மாமரம் பூத்தது, சின்னவனுக்குப் பல் விழுந்தது என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் 'உங்கள் காரில் என்னவோ சத்தம் வருகிறது, அதைக் கேட்டாலே இவர் எரிந்து விழுகிறார்' என்று முடித்திருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு நீங்கள் போட்ட கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை, அந்த வண்டி எனக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பட்டாளத்தில் இருபது வருஷம், இங்கே கப்பல் பட்டறையில் ஏழு வருஷம். கல்யாணம் கட்டவில்லை, வீடு வாங்கவில்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன், அதுவும் பழசு. கப்பலேற்றிக் கொண்டுவந்து நம் வீட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டு வரும்போது நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய்த் திரும்பி, துணி போட்டு மூடிவிடுங்கள். அதற்குள் சத்தம் வருவதற்கு என்ன இருக்கிறது?

எந்த மாதிரிச் சத்தம்? கடகடவென்றா, லொடலொடவென்றா, கிறீச்சென்றா? 'என்னவோ' என்று எழுதினால் இவ்வளவு தூரத்தில் இருக்கிற என் காதுக்கு எட்டாது. நூர் அகமதைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். ஒர்க் ஷாப் வாசலில் லாரி போனாலே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன். உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி ஓட்டியவனும் அவன்தான், மறந்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைகளுக்கு முத்தம். பதிலைத் தாமதிக்க வேண்டாம்.

உங்கள் மச்சான்
தெட்சிணாமூர்த்தி


காரைக்கால்
9-3-1980

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

சோமசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் முழங்காலுக்குப் பங்கஜவல்லி தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். யாராவது பிரான்சுக்குப் போகிறவர்கள் கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறோம்.

காரைப் பற்றி அவள் எழுதியது சற்று மிகை. சத்தம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. தங்கள் வண்டிக்கு ஸ்டியரிங் இடதுபக்கம் அல்லவா, அதற்கு மறுபக்கத்திலிருந்து, அதாவது வலதுபக்கத்திலிருந்து, எப்போதாவது கிணிங் என்று ஓர் ஒலி. சலங்கையிலிருந்து ஒற்றை மணி கழன்று உருண்டால் எப்படிக் கேட்குமோ அப்படி. தாங்கள் உத்தரவிட்டபடி ஞாயிறுதோறும் தெருமுனை வரைதான் போய் வருகிறேன். துணி போட்டு மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருக்கிறேன்.

நூர் அகமதுக்கு இப்போது வேலை மிகுதி. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று பார்க்கிறேன். நகராட்சி மேரி ஆபீசில் எனக்கும் வருஷ முடிவு நெருக்கடி. தாங்கள் இதைப் பற்றி மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பிற்குரிய
சோமசேகரன்


துலோன்
30-3-1980

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமென்று தெரிந்து சந்தோஷம்.

நாற்பது நாள் காத்திருந்து எனக்குக் கிடைத்தது ஒரு கிணிங். பரவாயில்லை, நல்ல ஆரம்பம்தான். பட்டறையில் கூட வேலை செய்கிற பிரெஞ்சுக்காரனிடம் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். அவன் என்னை டாக்டரிடம் போகச் சொன்னான். இரண்டாம் தடவை செய்து காட்டியபோது உட்கார்ந்து யோசித்தான்.

அவன் சொன்னபடி செய்யுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு நாலு பேரை விட்டு வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் இஞ்சின் மேல் குற்றமில்லை. பிறகு வண்டியை நிறுத்திவைத்து வலதுபக்கக் கதவை ஓங்கிச் சாத்துங்கள். கதவை அப்படிச் சாத்தச் சொல்ல எனக்கு மனசு பதறுகிறது, ஆனாலும் சாத்துங்கள். பள்ளத்தில் இறங்கும்போது வருகிறதா, திரும்பும்போது வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

நூர் அகமதுக்கு வேலை மிகுதி என்கிறீர்கள். அவன் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தெட்சிணாமூர்த்தி வண்டி என்று சொல்லிப் பாருங்கள், சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வருவான். ஒருவேளை புதுவருஷ வாழ்த்து நான் அனுப்பவில்லை என்று கோபமோ என்னவோ. கார்டு வாங்கி, அவன் பெயர் எழுதி, மேசை மேலேயே வைத்திருக்கிறேன். சோம்பல்தான். இந்த வாரம் போட்டுவிடுகிறேன்.

பங்கஜவல்லியின் தைலத்துக்குக் காத்திருக்கிற
தெட்சிணாமூர்த்தி


காரைக்கால்
24-4-1980

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலத்தையே வேண்டுகிறோம். சித்திரை வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

தாங்கள் சொன்ன சோதனைகளைச் செய்தேன். இஞ்சினை அணைத்துத் தள்ளியபோதும் சத்தம் வந்தது. கதவைச் சாத்தியபோதும் வந்தது. பள்ளத்திலும் வருகிறது. அம்பகரத்தூர் ரோட்டு வளைவில் திரும்பும்போது மிக நன்றாகக் கேட்கிறது.

நூர் அகமது விஷயத்தை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். தாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுத வேண்டியிருக்கிறது. தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மோதிரம் காணாமல் போயிற்று. அந்த நேரத்தில் அருகில் இருந்தவர் இவர் ஒருவர்தானாம். கை சுத்தமில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. ஆனாலும் தங்கள் வண்டியை என் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். நாளைக்கு ஒன்று என்றால் நான் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? அதனால்தான் அவரிடம் கொண்டுபோகவில்லை.

வேறு விசேஷமில்லை. வேளைக்குச் சாப்பிடவும்.

சோமசேகரன்


துலோன்
15-5-1980

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் எழுதவும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நூர் அகமதா? ஒரே தெருவில் வளர்ந்தோம். அவன் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்தே பாதி வளர்ந்தவன் நான். ஆனால் ஊரை விட்டு வந்து இத்தனை வருஷமாகிவிட்டது, ஆள் எப்படி மாறியிருப்பானோ எனக்கென்ன தெரியும். நம்பவில்லை என்று எழுதுகிற நீங்களே வண்டியை அவன் கையில் விட யோசிக்கிறீர்கள் என்றால், ஏதோ இருக்கத்தான் வேண்டும். வேண்டாம், அவன் தொட வேண்டாம். வாழ்த்துக் கார்டை எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டேன். அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அம்பகரத்தூர் ரோடு நம் தெருமுனைக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. போகட்டும், ஆசைக்கு ஒரு தடவை ஓட்டியிருப்பீர்கள். நானாக இருந்தால் பத்துத் தடவை ஓட்டியிருப்பேன்.

சத்தம் கதவுக்குள் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். கண்ணாடி கீழே இறங்குகிற சந்து வழியாக ஏதோ உள்ளே விழுந்திருக்கிறது. பேனா மூடியாக இருக்கலாம், சாவியாக இருக்கலாம். கதவின் உள்பக்கத்தில் தோல் ஒட்டிய பலகை இருக்கிறதல்லவா, அதைச் சுற்றி எட்டு ஸ்க்ரூ. பொருத்தமான திருப்புளி எடுங்கள், சின்னதாக இருந்தால் ஸ்க்ரூவின் வாய் கீறிவிடும். பலகையை மெதுவாக நகர்த்தி, கையை அடிவரை விட்டுத் துழாவுங்கள். கிடைத்ததை எனக்கு எழுதுங்கள். மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடாத பொருள் எது என்று தெரிய வேண்டும்.

எல்லோருக்கும் அன்புடன்
தெட்சிணாமூர்த்தி


காரைக்கால்
22-6-1980

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நலம்.

கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மூடிவிட்டேன். சத்தம் நிற்கவில்லை.

மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பங்கஜவல்லியும் பிள்ளைகளும் போவார்கள். எனக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை.

சோமசேகரன்


துலோன்
20-7-1980

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு என்ன? அதை முதலில் எழுதுங்கள். வைத்தியரிடம் காட்டினீர்களா? நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன், இடதுகைக் கட்டைவிரலைத் தவிர. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

உள்ளே ஒன்றுமில்லை என்று படித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பொருள் இல்லாமல் கிணிங் என்று சத்தம் எப்படி வரும்? மார்செய்யில் ஒருவர் நம் வண்டியைப் போலவே, அதே சிவப்பில், ஒன்று வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டுப் போனேன். வயதான மனுஷர். இந்தியாவில் இருக்கிற ஒரு கதவுக்காக இவ்வளவு தூரம் வந்தாயா என்று கேட்டுவிட்டு, தன் வண்டியின் கதவைத் திறக்கவிட்டார். உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரத்தில் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. நகம் போய்விட்டது, வளர்ந்துவிடும்.

ஒருவேளை சத்தம் பின்சக்கரத்துப் பக்கமிருந்து வந்து, கதவில் கேட்பது போல ஏமாற்றுகிறதோ என்று அவருக்கு ஒரு யோசனை. அதற்கான ரப்பர் புஷ்களைத் தேடிப் பிடித்து ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். யாராவது நல்ல ஆளிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் நூர் அகமது இல்லாமல் போனானே என்றுதான் இருக்கிறது.

இத்தனை சிரமமும் உங்கள் தலையில் விழுகிறது, மன்னிக்க வேண்டும். அடுத்த சித்திரைக்கு ஊருக்கு வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தெட்சிணாமூர்த்தி


காரைக்கால்
14-8-1980

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பங்கஜவல்லி எழுதியது.

நானும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் கட்டைவிரல் ஆறிவிட்டதா? மஞ்சள் வைத்துக் கட்டுங்கள், அந்த ஊரில் மஞ்சள் கிடைக்கும்தானே?

அண்ணா, இவர் சரியாக இல்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை போய்வந்து, அப்படியே அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது, பிரிக்கவேயில்லை. அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே பயமாக இருக்கிறது.

அம்பகரத்தூர் மருதையன் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டியைக் கொடுக்கிறேன் என்று இவர் சொன்னபோதே, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். கேட்டாகிவிட்டது, சரியென்று எழுதிவிட்டார் என்றார். நீங்களாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது. மச்சினன் போட்ட மோதிரம் வண்டியில் ஏறும்போது மாப்பிள்ளை விரலில் இருந்தது, இறங்கும்போது இல்லை. இரண்டு பேர் உட்காருகிற வண்டியில் ஒருவர் மாப்பிள்ளை, இன்னொருவர் ஓட்டிய நூர் அகமது அண்ணன். வேறு யார் மேல் பழி விழும்?

இப்போது அவர் ஒர்க் ஷாப்பைப் பூட்டிவிட்டார். ஒருவரும் வண்டி விடுவதில்லை. நாகப்பட்டினத்தில் யாரிடமோ கூலிக்குப் போகிறார். போன வாரம் அவர் மனைவி கமருன்னிசா நம் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அக்கா, நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை என்று வாயைத் திறந்து சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் இவர் கேட்பார்.

உங்கள் தங்கை
பங்கஜவல்லி


துலோன்
2-9-1980

மாப்பிள்ளைக்கு,

பங்கஜவல்லியின் கடிதம் வந்தது. என்னிடம் கேட்டதாகச் சொல்லி என் வண்டியை ஊர்வலத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மோதிரம் தொலைந்தது என் வண்டியில். ஓட்டியவன் நூர் அகமது. இதையெல்லாம் எனக்கு மறைத்து, 'ஒரு கல்யாண வீட்டில்' என்று மட்டும் எழுதினீர்கள்.

வண்டியைக் கொடுத்ததற்காக நான் கோபப்படவில்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன், பூமாலையும் சுற்றச் சொல்லியிருப்பேன்.

கதவைத் திறந்தீர்களா? உள்ளே என்ன இருந்தது?

நலம் விசாரிக்க இன்றைக்கு மனம் வரவில்லை.

தெட்சிணாமூர்த்தி


காரைக்கால்
28-9-1980

மச்சான் அவர்களுக்கு,

திறந்தேன். மோதிரம் இருந்தது.

இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்குப் பத்து நாளாயிற்று. இப்போது எழுதிவிட்டேன், மற்றதையும் எழுதிவிடுகிறேன். இதைப் படித்தபின் தாங்கள் என்னை மாப்பிள்ளை என்று அழைக்காவிட்டாலும் எனக்கு வருத்தப்பட உரிமையில்லை.

மருதையன் வீட்டார் வண்டியைக் கேட்கவில்லை. நானாகப் போய்த்தான் சொன்னேன். மேல்கூரையை மடக்கி வைக்கிற வண்டி இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நம்மிடம்தான் இருக்கிறது, மாப்பிள்ளை அதில் வந்தால் ஊரே பார்க்கும் என்றேன். காசுக்காக அல்ல. ஆபீசில் இருபது வருஷமாக நான் நுழைந்தால் யாரும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அம்பகரத்தூரில் எல்லோரும் "யார் வண்டி?" என்று கேட்டார்கள். நான் என் வண்டி என்று சொன்னேன்.

மோதிரம் மாப்பிள்ளையின் விரலுக்குப் பெரிது. நூல் சுற்றிப் போட யாருக்கும் தோன்றவில்லை. அவர் வலதுகையைக் கதவின் மேல் தொங்கப் போட்டபடி, எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது விரல் வெறுமையாக இருந்தது. மேளம் நின்றுவிட்டது. மருதையன் நூர் அகமதைச் சட்டைப் பையைக் காட்டச் சொன்னார். காட்டினார். பிறகு யாரும் கேட்காமலேயே சட்டையைக் கழற்றி எல்லோர் முன்னாலும் உதறினார். மறுபடி போட்டுக்கொள்ளாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மாப்ளே, இந்தக் கதவக் கழட்டிப் பாத்துருவோம். கண்ணாடி எறங்குற சந்துல வுழுந்துருக்கும். பத்து நிமிஷ வேலை" என்றார்.

"அது மச்சான் வண்டி. ஒரு ஸ்க்ரூவுல கூட கைவைக்கக் கூடாதுன்னுருக்காங்க" என்றேன்.

தாங்கள் அப்படிச் சொன்னதேயில்லை. பலகையைக் கழற்றினால் தடம் தெரியும், தாங்கள் வந்து பார்த்தால் கேட்பீர்கள், வண்டியைக் கொடுத்தது வெளியே வந்துவிடும். அந்தப் பயத்தில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு கிணிங் என்று கேட்டபோதே எனக்கு அது என்னவென்று தெரியும், மச்சான். தெரிந்துகொண்டே தங்களை இஞ்சின், சக்கரம் என்று அலையவிட்டேன். ஆனி மாதம் தாங்கள் எழுதியபடி எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அடியில் எண்ணெய் அழுக்கில் கிடந்தது. மடியில் கட்டிக்கொண்டு அரசலாற்றுப் பாலம் வரை போனேன். வீசியெறியக் கை வரவில்லை. மருதையனிடம் கொடுக்கவும் கால் வரவில்லை. அன்றைக்கே ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்களே. திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே போட்டு மூடினேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதைக் கேட்டுக்கொண்டே தெருமுனைக்குப் போய் வந்தேன். என் பொய்யை நம்பித் தாங்கள் மார்செய்க்குப் போய் நகத்தை இழந்தது தெரிந்த அன்று, எங்காவது போய்விடலாம் என்றிருந்தது.

நேற்றுமுன்தினம் வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அம்பகரத்தூர் போய் மருதையனை வண்டியில் ஏற்றி, இந்தச் சத்தத்தைக் கேளுங்கள் என்றேன். கேட்டார். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. நேராக நூர் அகமதின் ஒர்க் ஷாப்புக்கு வந்தோம். வெள்ளிக்கிழமைகளில் அவர் நாகப்பட்டினம் போவதில்லை. ஜும்மா முடிந்து வந்துகொண்டிருந்தார், கூட நாலைந்து பேர். வண்டியைப் பார்த்ததும் பூட்டைத் திறந்து திருப்புளியை எடுத்தார்.

அப்போதும் நான் பாதியைத்தான் சொல்வதாக இருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறக்கிறோம் என்று காட்டிக்கொள்ள நினைத்தேன். அவர் முதல் ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்தவர், எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வாயெல்லாம் புதுக் கீறலா இருக்கு. இத யாரோ முன்னயே தொறந்துருக்காங்க" என்றார்.

"நாந்தான். ஆனி மாசம்" என்றேன்.

"மோதிரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் மற்ற ஸ்க்ரூக்களையும் கழற்றி, மோதிரத்தை எடுத்து, வேஷ்டியில் துடைத்து மருதையனிடம் கொடுத்தார். மருதையன் அதை வாங்கிக்கொண்டு தலையைத் தூக்கவேயில்லை. அங்கே நின்றிருந்தவர்கள் எல்லோரிடமும் நான் சொன்னேன். கல்யாணத்தன்றே இவர் கதவைத் திறக்கச் சொன்னார், நான்தான் விடவில்லை, இவர் மேல் விழுந்த பழி என்னால் விழுந்தது என்று. சொல்லி முடிக்கும்வரை அவர் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்க்ரூகூடத் தளர்வாக விடவில்லை.

"முடிஞ்சிருச்சு சார். எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பதினான்கு வருஷமாக மாப்ளே என்று கூப்பிட்டவர். என் கல்யாணத்தன்று தாங்கள் போட்ட மோதிரமும் எனக்குப் பெரிதாக இருந்தது, நினைவிருக்கிறதா? வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவர்தான் அதைக் கவனித்து நிறுத்தினார். தன் துண்டிலிருந்து ஒரு நூலை இழுத்துச் சுற்றிப் போட்டுவிட்டு, பிறகுதான் வண்டியை எடுத்தார். நேற்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியில் இப்போது சத்தமில்லை. எனக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வெட்கமாக இருக்கிறது. தங்களுக்கு எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சோமசேகரன்


காரைக்கால்
9-11-1980

அன்பு நண்பன் தெட்சிணாமூர்த்திக்கு,

நூர் அகமது எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் கமருன்னிசாவும் பிள்ளைகளும் நலம். உன் முழங்காலும் கட்டைவிரலும் நலமடைய துஆ செய்கிறோம். மழை நன்றாகப் பெய்கிறது. ஒர்க் ஷாப்பில் கணுக்கால் அளவு தண்ணீர்.

உன் கடிதம் வந்தது, கூடவே வாழ்த்துக் கார்டும் வந்தது. நவம்பர் மாதத்தில் புதுவருஷ வாழ்த்து வாங்கியவன் காரைக்காலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊரில் ஒருவர் எழுதிய ஒரு வரியை வைத்து நீயும் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. படித்ததும் கோபம் வந்தது. இவனுக்குமா என்று கார்டைத் தூக்கிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து நானே தேடியெடுத்து ஒர்க் ஷாப் சுவரில் ஒட்டிவிட்டேன். தெரியாத ஒன்றைத் தானாக வந்து சொல்கிறவனை என்ன செய்வது?

மருதையன் பழம் வெற்றிலையோடு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். வாங்கிக்கொண்டேன். வண்டிகள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருக்கின்றன. ஆனால் சட்டையைக் கழற்றி உதறினேனே, அன்றைக்கு வந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை. எடுக்காத உங்களுக்கு எதற்கு வெட்கம் என்று கமருன்னிசா கேட்கிறாள். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

உன் மாப்பிள்ளை ஆபீஸ் விட்டதும் தினமும் ஒர்க் ஷாப்புக்கு வருகிறார். பெஞ்சில் உட்காருகிறார். நானும் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. டீ வாங்கிவரச் சொல்லி ஒரு கிளாஸ் கொடுப்பேன், குடித்துவிட்டுப் போவார். போன ஞாயிறு உன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நீ அனுப்பிய பார்சலையும் கொண்டுவந்து, பிரிக்காமலேயே பெஞ்சில் வைத்தார். "நீங்க ஒரு தரம் ஓட்டிப் பாக்கணும்" என்றார். சரியென்று ஏறினேன். வலதுபக்கம் அவர் உட்கார்ந்தார், அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை உட்கார்ந்த அதே இடத்தில். கையைக் கதவின் மேல் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

கோட்டுச்சேரிமேடு வரைக்கும் போனோம். வலை காயப்போட்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கடல் தெரிகிற இடத்தில் வண்டியைத் திருப்பும்போது, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. பின்சக்கரத்துப் பக்கம் மெல்லிசாக ஒரு சத்தம் இருக்கிறது. புஷ் தேய்ந்திருக்கிறது. நீ அனுப்பிய பார்சலில் இருப்பது அதற்கானதுதான், நீ வருவதற்குள் மாற்றிவிடுகிறேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு சத்தமும் இல்ல மாப்ளே" என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் மாப்ளே என்றது எனக்கே காதில் விழுந்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

சித்திரையில் வரும்போது கதவுக் கண்ணாடிக்கு ரப்பர் இரண்டு மீட்டர் வாங்கி வா. அந்தச் சந்தை அடைத்துவிட வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
நூர் அகமது